ஒரு தெரு, பத்து மனிதர்கள்: சேலத்தைப் படமும் குறிப்புமாகப் பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

சேலம் என்று இணையத்தில் தேடினால் வரும் படங்கள் நமக்கு மனப்பாடம். கூடை நிறைய மாம்பழம், ஏற்காடு ஏரியில் படகு, லேடீஸ் சீட் என்ற மலைமுனையிலிருந்து இரவில் தெரிகிற ஊர் வெளிச்சம், மேட்டூரின் பதினாறு கண் மதகு. மனிதர்கள் எப்போதாவது வருவார்கள், பெயர் இல்லாமல். தறியில் யாரோ ஒரு நெசவாளர், காப்பித் தோட்டத்தில் யாரோ ஒரு பெண். படம் அழகாகத்தான் இருக்கும். அந்தத் தெருக்காரர் பார்த்தால், "இவரு நம்ம அண்ணனாச்சே, பேரைக்கூடவா கேக்கல?" என்பார்.

நம் ஊர் மனிதர்களையும் இடங்களையும் ஒழுங்காகப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் பெரிய கேமரா இருக்கிறதா, போன்தானா என்பது பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: படத்தில் இருப்பவர் அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டுவாரா? கீழே நீங்கள் எழுதியதைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாரா? இனி சொல்லப்போகிற எல்லாமே இந்த இரண்டு கேள்விகளிலிருந்து வருபவை.

முதலில், சுருக்குங்கள்

‘சேலத்து மக்கள்’ என்று தொடங்குகிற வேலை சில வாரங்களில் நின்றுவிடும். ஒரு தெரு, ஒரு தொழில், ஒரு சந்தை, ஒரு பஸ் தடம், இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். பத்து மனிதர்கள், நாலைந்து இடங்கள், ஆறு மாத அவகாசம். முதல் முயற்சிக்கு இதுவே அதிகம்.

தேர்ந்தெடுக்க இங்கே பஞ்சமில்லை. வெள்ளிக் கொலுசையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்பேட்டை, பள்ளப்பட்டி, பனங்காடு, சிவதாபுரம் பக்கமெல்லாம் வீட்டு முன்னறைதான் பட்டறை. உருக்குவது ஓரிடம், கம்பி இழுப்பது ஓரிடம், கோப்பது, பற்றவைப்பது, மெருகு போடுவது என்று ஒரு ஜோடிக் கொலுசு பல கைகள் மாறித்தான் கடைக்குப் போகிறது. அந்த ஒரு ஜோடியைப் பின்தொடர்ந்து போனாலே பத்துப் பேர் கிடைத்துவிடுவார்கள். யாரை எடுப்பது என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

கைத்தறி வேண்டுமென்றால் அம்மாபேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த வேட்டியைக் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த அளவு நெய்கிறவர்களைத் தெரியாது. ஜவ்வரிசி வேண்டுமென்றால் ஆத்தூர் சாலையில் கிளம்புங்கள். மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்குவதில் தொடங்கி, சேகோ ஆலை, காயவைக்கும் களம், 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பின் ஏலம் வரை ஒரே கோடாகப் போகலாம். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. மொத்த வியாபாரம் பிடிக்குமென்றால் செவ்வாய்பேட்டை லீ பஜார். மலை பிடிக்குமென்றால் காப்பி; அதைத் தனியாகச் சொல்கிறேன்.

எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருப்பதை எடுங்கள். திரும்பத் திரும்பப் போகவேண்டிய வேலை இது. பெட்ரோல் செலவு ஆர்வத்தைச் சீக்கிரம் தின்றுவிடும்.

கேமரா இல்லாமல் போகிற நாட்கள்

முதல் சில முறை வெறுங்கையோடு போங்கள். டீக்கடையில் உட்காருங்கள். தெரு எத்தனை மணிக்கு விழிக்கிறது, எந்த வீட்டில் எப்போது வெயில் விழுகிறது, சரக்கு வண்டி எப்போது வருகிறது, வேலை எப்போது ஓய்கிறது என்று கவனியுங்கள். சின்ன நோட்டில் ஒரு வரைபடம் போட்டு, எந்தத் திண்ணையில் காலை வெளிச்சம், எதில் மாலை வெளிச்சம் என்று குறித்துக்கொண்டால் பிறகு பெரிய உதவி.

இந்த நாட்களில் தெருவுக்கு எல்லாம் தெரிந்த ஒரு ஆள் கண்ணில் படுவார். மளிகைக் கடைக்காரர், தையல்காரர், கோயில் பூசாரி, ரேஷன் கடை வரிசையில் எல்லாரிடமும் பேசுகிற அக்கா, இப்படி யாராவது. அவர் மூலமாகப் போனால் கதவு திறக்கும். ஆனால் அவர் கைகாட்டுகிற ஆட்களோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊரிலும் கைகாட்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பேசிப் பழகியவர்கள். தறிக்குப் பாவு (நீளவாட்டு இழைகள்) புணைக்கிற பெண், கொலுசுக்கு முத்து கோக்கிற பாட்டி, களம் கூட்டுகிறவர் ஆகியோரை நீங்களாகத்தான் தேடிப் போகவேண்டும்.

எப்படிக் கேட்பது

நீட்டி முழக்க வேண்டாம். "அக்கா, நான் பக்கத்துத் தெருதானுங்க. நம்ம ஏரியாவுல கொலுசு வேலை செய்யறவங்களைப் பத்திப் படத்தோட எழுதறேன். நீங்க வேலை செய்யறப்ப எடுத்துக்கலாமா? வேண்டாம்னா பரவாயில்லீங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதைச் சொன்னால்தான் எதிரில் இருப்பவர் நிம்மதியாக யோசிப்பார்.

"என்னையப் போயி எதுக்குப்பா படம் எடுக்கற?" என்று பெரியவர்கள் சிரித்தால் அது மறுப்பு இல்லை, கூச்சம். காரணத்தைச் சொல்லுங்கள். வேலை செய்கிற கை நின்று, முகம் திரும்பினால் அது மறுப்பு. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

படம் எங்கே போகப்போகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேஸ்புக்கா, கண்காட்சியா, புத்தகமா? "ஃபோன்ல வருமா?" என்று கேட்பார்கள். வரும் என்றால் வரும் என்றே சொல்லுங்கள். எழுத்தில் கையெழுத்து வாங்கினால் பலர் மிரளுவார்கள். அதற்குப் பதில் ஒலிப்பதிவைத் தொடங்கும்போதே அவர் பெயரும், படத்துக்கும் பேச்சுக்கும் அவர் சொல்லும் சம்மதமும் பதிவாகிவிடட்டும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். பட்டறையில் வேலை செய்கிற சிறுவனை ‘அழகான வெளிச்சத்தில்’ எடுத்துப் போடுவதை நான் பதிவு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தோட்டம், ஆலை போன்ற இடங்களில் இரண்டு சம்மதம் தேவை: உள்ளே வர முதலாளி அல்லது மேனேஜரின் சம்மதம், படம் எடுக்கத் தொழிலாளியின் சம்மதம். முதலாவது கிடைத்துவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது "எடுத்துக்கோங்க" என்பவரிடம், மேஸ்திரி நகர்ந்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள். கூலியைப் பற்றிய கேள்விகளும் அப்போதுதான்.

பணம் கொடுப்பதா? படத்துக்கென்று கொடுப்பதில்லை என்பது என் பழக்கம். ஆனால் கொலுசு, தறி, பழம் பறிப்பு இவற்றிலெல்லாம் செய்த அளவுக்குத்தான் கூலி. பீஸ் கணக்கில் வேலை செய்கிறவரை அரை மணி நேரம் போஸ் கொடுக்க வைத்தால் அவருடைய காசை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். வேலை ஓடும்போது அதை நிறுத்தாமல் எடுங்கள். பேச்சை டீ நேரத்துக்கும் வேலை முடிந்த பிறகுக்கும் தள்ளுங்கள்.

கருவி

இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். போன் என்றால் 1எக்ஸ், முகத்துக்கு 2எக்ஸ் இருந்தால் 2எக்ஸ், 0.5 வைட் வேண்டாம், ஓரத்தில் இருப்பவர்களின் முகத்தை இழுத்துவிடும். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி மங்கும். நமக்கோ தறியும் பட்டறையும் தெரியவேண்டும், அதனால் அதை அணைத்துவிடுங்கள். கேமரா என்றால் 35 மி.மீ. லென்ஸ் ஒன்று சின்ன அறைகளுக்கும் முகத்துக்கும் சேர்த்தே போதும். தூரத்திலிருந்து இழுத்து எடுக்கிற ஜூம் லென்ஸ் இந்த வேலைக்கு உதவாது, அது ஒளிந்து நின்று எடுக்கிற புத்தியைத்தான் வளர்க்கும். ஒலிப்பதிவுக்குப் போனே போதும், ஏரோபிளேன் மோடில்.

வேலையிடத்து வெளிச்சம்

இங்கேதான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சேலத்தின் தொழில்கள் ஒவ்வொன்றும் கேமராவை ஒவ்வொரு விதமாக ஏமாற்றும்.

தறி வீடு இருட்டு. குழித்தறியில் நெய்கிறவர் கால்களைக் குழிக்குள் விட்டுத் தரையோடு உட்கார்ந்திருப்பார். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் வரும், ஆளும் சின்னதாகிவிடுவார். நீங்களும் தரையில் உட்காருங்கள், கேமரா அவர் கண் மட்டத்துக்கு வரட்டும். பிளாஷ் வேண்டாம். ஜன்னலோ கதவோ பக்கவாட்டில் இருக்கும்படி இடம் பிடியுங்கள். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 1600 முதல் 3200 வரை தாராளமாக ஏற்றலாம். படத்தில் மணல் மாதிரி கொஞ்சம் புள்ளி தெரிந்தாலும் பரவாயில்லை, அசைந்துபோன முகத்தைச் சரிசெய்ய வழியில்லை. முகத்துக்கு ஷட்டர் வேகம் 1/125 நொடி. நாடா (குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் கட்டை) ஓடுவது தெரியவேண்டும் என்றால் 1/15, அப்போது கேமராவைத் தறிச் சட்டத்தின் மேலோ முழங்காலின் மேலோ ஊன்றிக்கொள்ளுங்கள். ஆள் அசையாமல் நாடா மட்டும் கோடாக இழுபடுகிற ஒரு படம் கிடைக்கும் வரை நிறைய எடுக்க வேண்டிவரும். பாவில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு இழை அறுந்தால் முடிந்து சேர்ப்பது அவர் தலையில்தான் விழும்.

வெள்ளிப் பட்டறையில் சிக்கல் வேறு. அறை மங்கல், பொருள் பளபளப்பு. கேமரா அறையைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், கொலுசு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் அல்லது ஒரு படி குறையுங்கள். போனில் கொலுசின் மேல் விரலை வைத்துச் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் அதே வேலை நடக்கும். ஜன்னலில் நேர் வெயில் அடித்தால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள், வெளிச்சம் பரவி வரும். பற்றவைக்கும் நெருப்பின் ஒளி முகத்தில் விழுகிற அந்த நொடிக்குக் காத்திருப்பது வீண்போகாது.

வெள்ளி விஷயத்தில் இன்னொன்று முக்கியம். எவ்வளவு சரக்கு இருக்கிறது, பெட்டி எங்கே, பின்கதவு எங்கே என்பது படத்தில் தெரியக்கூடாது. போனில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். வீட்டு எண், கடைப் பலகை வந்திருந்தால் வெட்டுங்கள். இதை நீங்களாகவே முதலில் சொன்னால் பட்டறைக்காரருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும், ஏனென்றால் அவருடைய பயமே அதுதான்.

ஜவ்வரிசிக் களமும் கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் (மாக்னசைட்) மேடுகளும் நேர் எதிர். எங்கும் வெள்ளை. கேமரா பயந்துபோய்ப் படத்தை இருட்டாக்கும், ஆட்கள் நிழலுருவமாகிவிடுவார்கள். ஒரு படி ஏற்றுங்கள். உச்சிவெயிலில் களத்தில் எடுத்தால் முக்காட்டுக்குள் கண்ணே தெரியாது. காலையில் பரப்பும்போதோ மாலையில் வாரிக் குவிக்கும்போதோ போங்கள். கீழே கிடக்கிற வெண்மை அந்த நேரத்தில் முகத்துக்குத் தானாகவே வெளிச்சம் அடித்துக்கொடுக்கும். மாக்னசைட் சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. உருக்காலை, மத்தியச் சிறை, அணை ஆகியவையும் அப்படித்தான். ரயில் நிலையத்தில் பெரிய அளவில் எடுப்பதென்றாலும் முன் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காத இடத்தை அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் வீட்டுத் திண்ணையிலிருந்தே சொல்லிவிடலாம். பல சமயம் அதுதான் நல்ல கதையாகவும் அமையும்.

சாயங்காலம் தட்டுவடை செட்டுக் கடை. எல்இடி பல்பின் கீழ் படத்தில் கோடு கோடாக வருகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். இரண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் பீட்ரூட், கேரட் துருவலும் வைக்கிற கை வேகத்தை வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள், போட்டோவில் அது சிக்காது.

முகம்

"இருங்க, வேற சட்டை போட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போவார்கள். போகவிடுங்கள். அழுக்கு பனியனில் எடுத்தால்தான் உண்மை என்று நினைக்கிற போட்டோக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சுவரில் மாட்டப்போகிறவர் அவர். எப்படித் தெரியவேண்டும் என்பதில் அவருக்கும் பங்கு உண்டு. நல்ல சட்டையில் நிமிர்ந்து நிற்கிற படம் ஒன்று, பிறகு வேலைக்குத் திரும்பியதும் இன்னொன்று. இரண்டுமே வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் குறைந்தது இவை இருக்கட்டும்: கேமராவைப் பார்க்கும் முகம், வேலையில் முழுகிய முகம், கைகள், கருவி, அவரும் அவர் இடமும் சேர்ந்த தூரப் படம். கைகளை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுகிற பழக்கம் இப்போது அதிகமாகிவிட்டது. சுருங்கிய கை பார்க்கக் கவிதையாக இருக்கலாம், ஆனால் அது யாருடையது என்று சொல்ல முகம் வேண்டும்.

எடுத்தவுடன் திரையை அவரிடம் காட்டுங்கள். "மூஞ்சி என்ன இப்படி இருக்கு" என்றால் அழித்துவிட்டு இன்னொன்று எடுங்கள்.

பேச்சு

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்கும் பேச வராது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பொருளிலிருந்து தொடங்குங்கள்.

"இன்னைக்குக் காலையில எத்தனை மணிக்குத் தறியில உக்காந்தீங்க?"
"இந்தத் தறி யாரு போட்டதுங்க?"
"தொழிலு யாரு கத்துக் கொடுத்தாங்க? திட்டுவாங்களா?"
"வேலையே இல்லாத மாசம் எது?"
"இதுல ரொம்பக் கஷ்டமான இடம் எது? எனக்குப் புரியற மாதிரி காட்டுங்க."

கடைசிக் கேள்விக்குக் கிடைப்பதுதான் தங்கம். அப்போது அவர் ஆசிரியராகிவிடுவார், குரலே மாறும். நடுவில் புகுந்து உங்கள் அறிவைக் காட்டாதீர்கள். அமைதி விழுந்தால் விழட்டும். அடுத்த கேள்விக்கு அவசரப்பட்டால் அவர் சொல்ல வந்தது போய்விடும்.

தறிச் சத்தத்தில் பேட்டி எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால் ஒரு வார்த்தையும் தேறாது. கரண்ட் போனால் சட்டென்று தெரு முழுக்க அமைதியாகிவிடும், நல்ல பேச்சு பலவும் அப்போதுதான் நடக்கும். ஆனால் தறியின் தாளத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துவிடுங்கள். பிற்பாடு அந்தச் சத்தமே கேட்கக் கிடைக்காமல் போகலாம்.

சாதியை நீங்களாகக் கேட்காதீர்கள். நெசவிலும் மலையிலும் சமூகமும் தொழிலும் பின்னிக் கிடப்பதால் அவர்களே பேச்சில் சொல்வார்கள். அப்போது, "இதை எழுதலாமா, எப்படி எழுதட்டும்?" என்று கேட்டு, அவர் சொல்கிற விதத்திலேயே எழுதுங்கள்.

பழைய ஆல்பத்தை எடுத்துக் காட்டினால் அன்றைய நாள் உங்களுக்கு வாய்த்துவிட்டது. படங்களை வீட்டை விட்டு வெளியே வாங்கிக்கொண்டு போக வேண்டாம். ஜன்னலோரம் தரையில் வைத்து, நேர் மேலிருந்து, நிழல் விழாமல் போனில் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள்: ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

எழுத்து

அன்றைக்கு ராத்திரியே எழுதுங்கள், மறுநாள் பாதி மறந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது, என்ன செய்கிறார் என்ற நான்கும் கட்டாயம். இரண்டு குறிப்புகளை ஒப்பிடுங்கள்.

‘வறுமையிலும் புன்னகைக்கும் நெசவாளியின் உழைக்கும் கரங்கள்.’

‘(பெயர்), 61, அம்மாபேட்டை. குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறார். தறி அப்பா போட்டது. கரை போடும் இடத்தில் இழை சிக்காமல் பார்ப்பதுதான் கஷ்டம் என்கிறார். படத்தில் அவர் வலதுகை இருப்பது அந்த இடத்தில்தான்.’

முதலாவதை அவரிடம் வாசித்துக் காட்ட உங்களுக்கே கூசும். வறுமை என்று அவர் சொன்னாரா? புன்னகைத்தது நீங்கள் கேமராவைத் தூக்கியதால். இரண்டாவதில் பாராட்டு ஒன்றும் இல்லை, ஆனால் அவர் பார்க்கிற வேலை இருக்கிறது.

நீண்ட குறிப்பு என்றால் ஒருவருக்கு 300 முதல் 400 வார்த்தை போதும். அவர் பேச்சை அவர் வாய்மொழியிலேயே விடுங்கள். "போயிட்டு வந்தனுங்க" என்பதைச் ‘சென்று வந்தேன்’ என்று திருத்தினால் சேலத்துக் குரல் போய்விடும். அதே சமயம் சிரிப்பு மூட்டுவதற்காகக் கொச்சையைக் கூட்டவும் வேண்டாம்.

சரிபார்ப்பது

ஞாபகம் வேறு, வரலாறு வேறு. இரண்டுக்கும் இடம் கொடுக்கலாம், கலக்கக்கூடாது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டூடியோ அது, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது, எம்.ஜி.ஆர். நடித்ததும் கருணாநிதி வசனம் எழுதியதும் அங்கே நடந்தவை. அதனால் அந்தப் பக்கம் வயதானவர் யாரைக் கேட்டாலும் எம்.ஜி.ஆர். தன் கடையில்தான் டீ குடித்தார் என்பார். இத்தனை டீயை ஒரு மனிதர் குடித்திருக்க முடியாது! அதற்காக அதை வெட்டிவிடாதீர்கள். ‘குடித்தார்’ என்று நீங்கள் எழுதாமல், ‘குடித்தார் என்று சொல்கிறார்’ என்று எழுதுங்கள். வேலை முடிந்தது.

வருடங்களை ஊருக்குத் தெரிந்த நிகழ்ச்சிகளோடு பொருத்திப் பாருங்கள். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. சேலம் நகராட்சி 1866-இல் வந்தது, மாநகராட்சி ஆனது 1994-இல். 1975-இல் கார்ப்பரேஷனில் சேர்ந்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது நகராட்சியைத்தான். பொய்யில்லை, இப்போதைய பெயரில் சொல்கிறார். பழைய விவரங்களுக்கு 1918-இல் வெளியான சேலம் மாவட்ட கெஜட்டியர் என்ற அரசு விவர நூல் உதவும். ஆனால் அது ஆங்கிலேய அதிகாரியின் கண்ணால் பார்த்தது, மலை மக்களைப் பற்றியும் சாதிகளைப் பற்றியும் அதில் உள்ளதை அப்படியே இறக்கிவைக்கக் கூடாது.

எழுதி முடித்ததும் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். பெயர், ஊர், வயது, தொழில் வார்த்தைகள் அவர் காதில் சரியாக விழுகின்றனவா பாருங்கள். ஏதாவது ஒன்றைத் திருத்தாமல் விடமாட்டார்கள்.

இடங்களுக்கும் ஒரு குறிப்பு

இடத்தைக் காலை ஒரு முறை, சந்தடி நேரத்தில் ஒரு முறை, ஆளில்லாதபோது ஒரு முறை எடுங்கள். லீ பஜாரில் மூட்டை இறங்கும் நேரத்தையும், எல்லாம் முடிந்து கணக்கு எழுதும் நேரத்தையும் பார்த்தால் இரண்டு ஊர் மாதிரி இருக்கும். தூரப் படம், வாசல், பெயர்ப்பலகை, தரை, அங்கே அதிக நேரம் இருக்கிற ஆள் என்ற வரிசையில் எடுத்தால் எதுவும் விட்டுப்போகாது. பலகைகளை நேராக, வாசிக்கும்படி எடுங்கள். பத்து வருடத்தில் முதலில் மாறுவது அவைதான்.

கோயில்களில் மூலவரை எடுக்க வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். மற்ற இடங்களுக்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரே திருவிழாவாக இருக்கும்போது, எல்லாரும் குகையின் வண்டி வேடிக்கைக்கு ஓடுவார்கள். சாமி வேடம் போட்டு அலங்கார வண்டியில் வருகிற காட்சியை ஆயிரம் போன்கள் எடுக்கும். நீங்கள் மத்தியானமே போய்விடுங்கள். முகத்தில் பாதி அரிதாரம், கையில் டீ டம்ளர், பின்னால் யாரோ கிரீடத்தைக் கட்டிக்கொண்டிருப்பார். பெயர் கேட்டு எழுதவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.

மலைக்குப் போனால்

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு; குப்பனூர் வழியாகவும் ஒரு சாலை இருக்கிறது. ஏரி, அண்ணா பூங்கா, பகோடா பாயிண்ட் பக்கம் படம் எடுக்க ஆள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள். நாகலூர், வேலக்காடை, மஞ்சக்குட்டை பக்கம் போங்கள்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் தமிழ் பேசுகிறவர்கள். கேரளத்தோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். ஊருக்குள் நுழைந்ததும் நேராக வீடுகளுக்குள் போகாமல் ஊர்ப் பெரியவரையோ ஊர்க்கவுண்டரையோ முதலில் பார்த்து, எதற்காக வந்தீர்கள் என்று சொல்லுங்கள். உச்சியில் உள்ள சேர்வராயன் குகைக் கோயிலில் மே மாத விழாவுக்குச் சுற்றுவட்டக் கிராமங்கள் எல்லாம் கூடும். குகைக்குள் பிளாஷ் அடிக்காதீர்கள், வெளியே புல்வெளியில் கூடியிருக்கும் குடும்பங்களைப் பாருங்கள்.

காப்பி இந்த மலைக்கு வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். கலெக்டரின் கதை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, பறிக்கிறவர்களின் கதைதான் பாக்கி. இரண்டு பருவங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடை மழைக்குப் பின் மார்ச், ஏப்ரலில் காப்பிப் பூக்கும். சில நாள்தான் நிற்கும். நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை பழம் பறிப்பு. பறிக்கும்போது இடைஞ்சல் செய்யாமல், சாயங்காலம் எடைபோடுகிற இடத்தில் நில்லுங்கள். மூட்டை, தராசு, எழுதுகிறவர், தராசையே பார்க்கிற கண்கள், எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும்.

பனிமூட்டத்திலும் கேமரா படத்தை இருட்டாக்கும், முக்கால் படி ஏற்றுங்கள். மலைக்குளிரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள்; லென்ஸில் நீர் பூத்துவிடும், கொஞ்ச நேரம் பையிலேயே இருக்கட்டும். இருட்டத் தொடங்கினால் எஸ்டேட் பாதைகளில் தனியாக நடக்காதீர்கள். காட்டெருமைகள் அந்த நேரத்தில்தான் இறங்கும். தோட்டத்துக்காரர்கள் "போதும், கெளம்புங்க" என்றால் கிளம்பிவிடுங்கள்.

திருப்பிக் கொடுப்பதும் பத்திரப்படுத்துவதும்

வாட்ஸப்பில் அனுப்பினேன் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸ் பிரிண்ட் அதிகச் செலவில்லை. நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரியவர்களுக்குக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு லேமினேட் செய்தால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, "எங்களை எப்பக் கண்ணு எடுக்கப் போற?" என்பார்கள். உங்கள் பட்டியலில் அடுத்த ஆள் அங்கேயே கிடைத்துவிடுவார்.

எல்லாம் சேர்ந்ததும் முதல் கண்காட்சியை அதே தெருவில் வையுங்கள். டீக்கடைச் சுவர், கோயில் மண்டபம், சங்கக் கட்டடம் எதுவானாலும் சரி. வெளியூர்க்காரர்கள் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். தவறு இருந்தால் அங்கே ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டால் திருத்தங்களும் புதிய பெயர்களும் அதில் சேரும்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் வேண்டாம். வருடம், மாதம், தேதி, இடம், ஆளின் பெயர் என்ற வரிசையில் வையுங்கள். குறிப்பும் ஒலிப்பதிவும் அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கட்டும். மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறொரு வீட்டிலோ இணையத்திலோ ஒன்று. இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு, தெருவில் பொறுப்பான ஒருவரிடமோ கிளை நூலகத்திலோ கொடுத்துவிடலாம். அதில் ஒவ்வொருவரும் வெளியிடச் சம்மதித்த படங்கள் மட்டுமே இருக்கவேண்டும்.

வெளியிட்ட பிறகு யாராவது, "அதை எடுத்துடுங்க" என்றால் காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். மகளுக்கு வரன் பார்க்கிறார்களோ, முதலாளி ஏதாவது சொன்னாரோ, உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. சம்மதக் குறிப்பில் தேதி போட்டு அதை எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து நீங்களோ வேறொருவரோ தெரியாமல் மறுபடி அதே படத்தை எடுத்துப் போடாமல் இருக்க உதவும்.